உறைபனிக் காலத்தில் நாய் எங்கே படுக்கலாம்: வீடா, கார் ஷெட்டா, வைக்கோல் கூண்டா, சூடேற்றிய கூண்டா?

வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய வாரத்திலேயே இந்தக் கேள்வி கிளம்பிவிடும். ரோமம் அடர்ந்த நாயை வீட்டுக்குள் விட்டால் மூச்சிரைத்துக்கொண்டு கதவோரம் போய்ப் படுக்கிறது. வெளியே விட்டாலோ நமக்கு மனசு கேட்பதில்லை. கார் ஷெட்டில் ஒரு போர்வையை விரித்துவிடலாமா, மின்சாரத்தில் சூடாகும் கூண்டு ஒன்றை வாங்கிவிடலாமா என்று யோசனை ஓடும். நான்கு வழிக்கும் இடம் உண்டு. ஆனால் நான்கும் எல்லா நாய்க்கும் ஒத்துவராது. ஒவ்வொன்றும் கைவிடும் விதமும் வேறு வேறு.

## முதலில் நாயைப் பாருங்கள்

சில நாய்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. அவற்றின் இடம் வீட்டுக்குள்தான். குட்டிகள், முதிய நாய்கள், மெலிந்தவை, மூட்டுவலி உள்ளவை, நீரிழிவு, இதயம், சிறுநீரகம், தைராய்டு, அட்ரீனல் சுரப்பி ஆகியவற்றில் கோளாறு உள்ளவை எல்லாம் இதில் சேரும். ஒற்றை ரோம அடுக்கு கொண்ட கிரேஹவுண்ட், விப்பெட், பாக்ஸர், டாபர்மேன் போன்ற இனங்களும் அப்படியே. உடல் சிறியதாக இருந்தால் எடையோடு ஒப்பிடுகையில் தோல் பரப்பு அதிகம். ஆகவே சூடு வேகமாகக் கழன்றுபோகும். சிவாவா போன்ற மிகச் சிறிய இன நாய்க்கு நல்ல கூண்டு எது என்று தேடுவது வீண் வேலை.

மீதமிருப்பவை ஹஸ்கி, மாலமியூட், சாமோயெட் போன்ற இரட்டை ரோம நாய்களும், அதேபோல் அடர்ந்த ரோமம் உள்ள பெரிய கலப்பின நாய்களும். மேலே முரட்டு ரோமம் பனியைத் தட்டிவிடும்; கீழே பஞ்சுபோன்ற உள்ரோமம் காற்றைப் பிடித்துவைக்கும். இந்த உள்ரோமம் ஒரே நாளில் முளைப்பதில்லை. இலையுதிர் காலத்தில் பகல் குறுகக் குறுக, வெளியே இருக்கும் நாய்க்கு அது தடிக்கிறது. விளக்கு வெளிச்சத்திலும் அறைச் சூட்டிலும் வளரும் நாய் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். எனவே ஹஸ்கியே ஆனாலும், டிசம்பர்வரை சோபாவில் கிடந்ததைக் கடுங்குளிர் வந்ததும் வெளியே கட்டக்கூடாது. இனம் பாதி, பழக்கம் பாதி.

எண்ணாகச் சொல்வதானால்: 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் பெரும்பாலான நாய்களுக்குச் சிரமமில்லை. 0-க்குக் கீழே சிறிய, மெல்லிய ரோம நாய்களுக்கு ஆபத்து தொடங்குகிறது. மைனஸ் 7-க்குக் கீழே எந்த நாயையும் கவனிக்காமல் விடக்கூடாது. காற்றும் மழையும் சேர்ந்தால் இந்தக் கோடுகளை எல்லாம் மேலே தள்ளிக்கொள்ள வேண்டும். மைனஸ் 10-இல் காற்றில்லாத உலர்ந்த இரவைவிட, 2 டிகிரியில் நனைந்த ரோமத்தோடும் வீசும் காற்றோடும் கழியும் இரவு கொடியது. நனைந்த ரோமத்தில் பிடித்துவைக்கக் காற்றே இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

இடத்தை ஐந்து கேள்விகளால் சோதிக்கலாம்.

1. காற்று நேரே மேலே படுகிறதா?
2. படுக்கை உலர்ந்தே இருக்குமா? நாயின் மூச்சிலிருந்தே ஒவ்வொரு இரவும் ஈரம் வரும் என்பதை மறக்கக்கூடாது.
3. தரை சூட்டை உறிஞ்சுகிறதா? நாய் படுத்தே கிடப்பதால் இது பலரும் நினைப்பதைவிடப் பெரிய விஷயம்.
4. நாயின் சூடு அந்த இடத்தில் தங்குமா?
5. ஏதாவது ஒன்று பழுதானால், விடிவதற்குள் என்ன ஆகும்? அதை யார் பார்ப்பார்கள்?

ஐந்தாவதைத்தான் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. உண்மையில் முடிவை அதுதான் தீர்மானிக்க வேண்டும்.

நான்காவதற்கு ஒரு கணக்கு. 20 கிலோ நாய்க்கு ஓய்வுநிலையில் ஒரு நாளைக்குச் சுமார் 660 கிலோகலோரி தேவை. அதை வாட்டாக மாற்றினால் 32 வாட், ஒரு சிறிய குண்டு பல்பு அளவுதான். அந்தப் பல்பை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய அறையைச் சூடாக்க முடியும் என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

## வீட்டுக்குள்

காற்று, ஈரம், தரை, சூடு ஆகிய நான்கிலும் வீடு முதலிடம். ஐந்தாவதிலும் அதுவே. நாய்க்கு ஏதாவது ஆனால் யாராவது பார்ப்பார்கள். வீட்டின் சூடேற்றும் கருவி நின்றால் நமக்கும்தான் குளிரும், உடனே தெரிந்துவிடும்.

மறைந்த செலவுகளும் உண்டு. சூடேற்றிய அறையின் காற்று வறண்டது. தோல் செதில் உதிரும், அரிப்பு வரும், தொட்டால் சுளீரென்று நிலைமின்சாரம் அடிக்கும். குளிர்காலத்தில் குளிப்பாட்டுவதைக் குறைத்து, தினமும் வாரிவிடுவது நல்லது. இரண்டாவது செலவு எடை. வெளியே ஓடுவது பாதியாகக் குறைந்தும் சாப்பாடு அப்படியே இருந்தால் பிப்ரவரிக்குள் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாது. "குளிர்காலத்தில் கூடுதலாகப் போட வேண்டும்" என்பது வெளியே வாழும் நாய்க்கான அறிவுரை. உள்ளே கிடக்கும் நாய்க்கு ஒன்று அதே அளவு, அல்லது சற்றுக் குறைவு.

மூன்றாவது, ஹீட்டர். காலோடு நிற்கும் ஹீட்டரை வாலால் தட்டிவிடும் நாய்கள் உண்டு. அதை ஒட்டியே படுத்து வயிற்றுத் தோலைச் சுட்டுக்கொள்ளும் முதிய நாய்களும் உண்டு. ஹீட்டருக்கும் படுக்கைக்கும் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். வீட்டில் ஆளில்லாதபோது அதை அணைத்துவிடுங்கள்.

அடர்ரோம நாய் உள்ளே தவிக்கிறது என்றால் உடனே வெளியே தள்ள வேண்டியதில்லை. ஹீட்டர் ஓடாத அறை, கதவு மூடிய முன்கூடம், மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம் என்று வீட்டிலேயே குளிர்ந்த மூலை ஒன்று இருக்கும். 12 முதல் 15 டிகிரி இருக்கும் மூலை ஹஸ்கிக்குச் சொர்க்கம்.

## கார் ஷெட், கொட்டகை

காற்றையும் பனியையும் தடுத்துவிடும் என்பதே இதன் முழுப் பலம். சூட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. சூடேற்றாத ஷெட் வெளியைவிடச் சில டிகிரி மேலே இருக்கும், அவ்வளவுதான். 32 வாட் பல்பு இங்கே கடலில் கரைத்த பெருங்காயம்.

தரை பெரும்பாலும் கான்கிரீட். அது ஓய்வே இல்லாமல் சூட்டை உறிஞ்சும். அதன்மேல் விரித்த போர்வை நாயின் எடையில் நசுங்கி, சில மணி நேரத்தில் வெறும் துணியாகிவிடும். மரப்பலகை மேடையோ கால் வைத்த கட்டிலோ தரையிலிருந்து 10 செ.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். அதன்மேல்தான் தடித்த படுக்கை. கதவுக்கு அடியில் உள்ள இடுக்கில் கையை வைத்துப் பாருங்கள்; காற்று வந்தால் அது படுத்திருக்கும் நாயின் உயரத்தில்தான் வரும்.

இந்த இடத்தின் உண்மையான ஆபத்து குளிரே அல்ல. ஷெட்டுக்குள் வண்டியை இரண்டு நிமிடம் ஓடவிட்டாலே கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். அதற்கு மணமில்லை, கதவைத் திறந்துவைத்தால் போதும் என்பதும் நம்பக்கூடியதல்ல. அடுத்தது கூலன்ட், அதாவது வண்டி எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் திரவம். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிக்கும், நாய் விரும்பி நக்கும். நீர் கலக்காத நிலையில் கிலோவுக்கு 4.4 முதல் 6.6 மி.லி. போனாலே உயிருக்கு ஆபத்து. 10 கிலோ நாய்க்குச் சுமார் 50 மி.லி. போதும். முதலில் குடித்தவர்போலத் தள்ளாடும், வாந்தி எடுக்கும். பிறகு தெளிந்ததுபோல் தோன்றும். அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே வைத்துக்கொண்டால், ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். ஃபோமெபிசோல் என்ற மாற்றுமருந்து முதல் எட்டு மணி நேரத்துக்குள் போனால்தான் முழுப் பயன். நக்கியதா இல்லையா என்று ஐயம் வந்தாலே உடனே மருத்துவரிடம் போக வேண்டும், அறிகுறிக்குக் காத்திருக்கக்கூடாது. எலிமருந்து, பெயின்ட், பனி உருக்கும் உப்பு மூட்டை எல்லாம் ஷெட்டில்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி நிற்காத, நச்சுப் பொருள் இல்லாத கொட்டகை என்றால் கதை வேறு. அதற்குள் அடுத்துச் சொல்லப்போகும் வைக்கோல் கூண்டை வைத்துவிட்டால் காற்றும் பனியும் கூண்டை எட்டவே எட்டாது. வெளியே வைக்கும் வழிகளில் இதைவிடச் சிறந்தது இல்லை.

## வைக்கோல் நிரப்பிய மரக்கூண்டு

வெளிப்பட்டியில் நாய் வைத்திருப்பவர்களில் அனுபவசாலிகள் கடைசியில் வந்து சேர்வது இங்கேதான். மின்சாரம் வேண்டாம், பழுதாக எதுவும் இல்லை. ஆனால் அளவு தப்பினால் பயனில்லை.

அளவு. நாய் எழுந்து நிற்க, சுற்றித் திரும்ப, சுருண்டு படுக்க இடம் போதும். உள்நீளம் மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை உள்ள நீளத்தைவிட 10 முதல் 25 சதவீதம் கூடுதல், அதற்குமேல் கூடாது. மூக்கிலிருந்து வால் அடிவரை 85 செ.மீ. உள்ள நாய்க்கு ஏறக்குறைய 100 × 70 செ.மீ. தரையும் 75 செ.மீ. உயரமும். "பாவம், தாராளமாக இருக்கட்டும்" என்று ஒவ்வொரு அளவையும் இரட்டிப்பாக்கினால் சுவர்ப்பரப்பு 4 மடங்காகிறது, உள்ளே இருக்கும் காற்று 8 மடங்காகிறது. சூடு தருவதோ அதே ஒரு நாய்தான். குட்டிக்கு, வளர்ந்தபின் உதவும் என்று பெரிய கூண்டு வாங்குவதும் இதே தவறு. வாங்கியாகிவிட்டதென்றால் நடுவே பலகைத் தடுப்பு போட்டுச் சிறிதாக்கலாம்.

சுவர். பிளைவுட், நடுவில் 25 முதல் 50 மி.மீ. தெர்மாகோல், உள்ளே மறுபடி பிளைவுட். உள்பலகையை விட்டுவிட்டால் நாய் தெர்மாகோலைக் கடித்துத் தின்னும், குடல் அடைத்துக்கொள்ளும். தரைக்கும் கூரைக்கும் அதே அடுக்கு வேண்டும். சுவருக்குப் போட்டுவிட்டுத் தரையை மறப்பதுதான் வழக்கமாக நடப்பது.

50 மி.மீ. தெர்மாகோலோடு மேற்சொன்ன அளவுக் கூண்டின் மொத்தப் பரப்பு சுமார் 4 சதுர மீட்டர். அந்த 32 வாட், சுவர்வழி இழப்பை மட்டும் கணக்கிட்டால், உள்ளே பதின்மூன்று பதினான்கு டிகிரியை ஏற்றலாம். வாசல் வழியாகப் போவதையும் சேர்த்தால் இன்னும் குறையும். அதாவது வெளியே மைனஸ் 25 என்றால் கூண்டுக்குள்ளும் மைனஸில்தான் இருக்கும். கூண்டு காற்றையும் ஈரத்தையும் தடுக்கிறது. நாயைச் சூடாக வைப்பது அதற்குள் இருக்கும் வைக்கோல். இதை வாங்கும்போது விற்பவர் சொல்லமாட்டார்.

வாசல். நடுவில் வேண்டாம், ஓரத்தில். அப்போது மறுமூலை காற்றுக்கு மறைவாகும். உயரம் நாயின் தோள் உயரத்தில் முக்கால் பங்கு. தலையைக் குனிந்து போகும். அகலம் மார்பு அகலத்தைவிட 5, 6 செ.மீ. கூடுதல். அடியில் 10 செ.மீ. படி விட்டால் வைக்கோல் வெளியே வராது. கனமான பிளாஸ்டிக் பட்டைகளோ ரப்பர் பாயோ திரையாகத் தொங்க வேண்டும். திரையைக் கண்டு நாய் மிரண்டால் முதலில் ஒரு பட்டை மட்டும் மாட்டுங்கள், சில நாள் கழித்து அடுத்தது. வாசல், வழக்கமாகக் காற்று வீசும் திசைக்கு முதுகு காட்ட வேண்டும்.

தரையும் காற்றுத்துளையும். கூண்டு மண்ணிலிருந்து 10 செ.மீ. உயர்ந்து நிற்கட்டும். கூரைக்குச் சரிவு. கூரைக்கு அடியில், காற்று படாத பக்கம், 20 முதல் 25 மி.மீ. துளை இரண்டு. துளை இருந்தால் சூடு போய்விடுமே என்று அடைக்காதீர்கள். அடைத்தால் மூச்சின் ஈரம் கூரையில் உறைந்து, பகலில் உருகிப் படுக்கையில் சொட்டும். காலையில் கூரையின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தால் துளை போதவில்லை என்று பொருள்.

படுக்கை. இங்கே ஒரு சிறு ஒப்பீடு. வைக்கோல் தண்டு உள்ளீடற்றது, நீரை எளிதில் உறிஞ்சாது. நாய் அதைத் தோண்டி உள்ளே புதைந்துகொள்ளலாம். கால்நடைக்குப் போடும் காய்ந்த புல் பார்க்க அதேபோல் இருந்தாலும் ஈரத்தை இழுத்து, சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். போர்வையும் பழைய துண்டும் இன்னும் மோசம்: நனைந்து, உறைந்து, பலகையாகிவிடும். அன்பால் செய்யும் தவறுகளில் இதுவே முதன்மை. தேவதாரு மரச்சீவல் மணமாக இருக்கும். அதிலுள்ள எண்ணெய் தோலையும் மூச்சுக்குழலையும் உறுத்தும்.

கோதுமை அல்லது பார்லி வைக்கோலை உதிர்த்து 20 முதல் 30 செ.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். 100 × 70 தரைக்கு ஏறக்குறைய 5, 6 கிலோ பிடிக்கும். நாய் மிதித்து மிதித்துத் தாழ்ந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை மேலே கொஞ்சம் சேர்க்க வேண்டும். அடிவரை கையை நுழைத்துப் பாருங்கள். ஈரமோ புளித்த வாடையோ இருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். அமெரிக்க வேளாண்துறையின் விலங்குநல விதிகள், உரிமம் பெற்று நாய் வளர்த்து விற்பவர்களுக்கு, 10 டிகிரிக்குக் கீழே போனாலே உலர்ந்த படுக்கையையும் 1.7 டிகிரிக்கு இறங்கினால் கூடுதல் படுக்கையையும் கட்டாயமாக்கியுள்ளன. உறைநிலை வரும்வரை காத்திருக்கக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

மறைந்த செலவு நம் உழைப்பு. தினமும் காலை மாலை பார்க்க வேண்டும், வாசலில் சேரும் பனியை அள்ள வேண்டும், சாப்பாட்டைக் கூட்ட வேண்டும். வெளியே வாழும் நாய்க்குப் பத்துப் பதினைந்து சதவீதத்தில் தொடங்குங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை விலாவில் கைவைத்துப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது, ரோமம் மறைத்துவிடும்.

## சூடேற்றிய கூண்டு

இதில் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம்.

சூட்டு விளக்கு: வேண்டவே வேண்டாம். கோழிக்குஞ்சுக்கு வைக்கும் 250 வாட் விளக்கை வைக்கோலுக்குமேல் தொங்கவிடுவது தீயைத் தொங்கவிடுவதற்குச் சமம். கொக்கி கழன்றாலும் நாய் தாவித் தட்டினாலும் கூண்டோடு போய்விடும்.

படுக்கைக்குக் கீழ் வைக்கும் ஹீட்டிங் பேட்: மனிதர் இடுப்புவலிக்கு வைப்பது இதற்கு உதவாது. நாய்க்கென்று செய்தது வேண்டும். நாய் படுத்தால் மட்டும் தன் உடல்சூட்டளவுக்கு, 38, 39 டிகிரிக்கு ஏறி நிற்கும் தெர்மோஸ்டாட் உள்ளதாக இருக்க வேண்டும். வயரின்மேல் எஃகுச் சுருள் உறை இருக்க வேண்டும். கூண்டுத் தரையில் பாதிக்கு மட்டும் பேட், மறுபாதி வெறும் தரை, சூடு அதிகமானால் நாய் நகர்ந்துகொள்ள. எழுந்து நகர முடியாத நாய்க்குப் பேட் போடக்கூடாது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் படுத்தால் மிதமான சூடும் தோலைச் சுடும். தயாரிப்பாளர் அனுமதித்தால் ஒழிய, பேட்டின்மேல் வைக்கோலை மூடாதீர்கள். சூடு வெளியேற வழியின்றி ஏறிவிடும். ஆக, பேட் வைத்தால் வைக்கோலை இழக்கிறீர்கள். இந்தப் பண்டமாற்று லாபமா என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

சுவரில் பொருத்தும் மூடிய ஹீட்டர்: இரும்பு உறைக்குள், தெர்மோஸ்டாட்டோடு வரும். மூன்றில் இதுவே பாதுகாப்பானது. 5 முதல் 10 டிகிரிக்கு வைத்தால் போதும். 20-க்கு ஏற்றினால் நாய் உள்ளே போகாது, போனாலும் வெளியே வரும்போது திடீர்க் குளிரில் மாட்டும்.

எந்த வகையானாலும் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வழியாகத்தான் இணைப்பு. இங்கேதான் ஐந்தாவது கேள்வி கடிக்கிறது. வெளியே இருக்கும் இணைப்பில் ஈரம் புகுந்தால் ஆர்சிசிபி சத்தமில்லாமல் விழுந்துவிடும். மின்வெட்டும் பெரும்பாலும் பனிப்புயல் இரவில்தான் வரும், அதாவது நாய்க்குச் சூடு அதிகம் தேவைப்படும் இரவில். அந்தச் சூட்டுக்கே பழகிய நாய்க்கு உள்ரோமமும் குறைவாக இருக்கும், பேட்டுக்காக வைக்கோலும் எடுக்கப்பட்டிருக்கும். வைக்கோல் கூண்டில் தோல்வி மெதுவாக வரும். இங்கே ஒரே இரவில் வரும். எனவே சூடேற்றிய கூண்டை வாங்குபவர் கூண்டின் வெப்பநிலையை வீட்டுக்குள் காட்டும் வயரில்லா வெப்பமானி ஒன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். மின்சாரம் போனால் நாயை உள்ளே கொண்டுவர இடமும் இருக்க வேண்டும். அந்த இடம் இருக்கிறதென்றால், முதலிலேயே அங்கே படுக்க வைத்தால் என்ன என்ற கேள்வி நியாயமானதே.

## பக்கத்தில் பக்கத்தில்

| | வீடு | ஷெட் | வைக்கோல் கூண்டு | சூடேற்றிய கூண்டு |
|---|---|---|---|---|
| காற்று | முழுத் தடை | கதவு இடுக்கு தவிர நல்லது | வாசல் திரையைப் பொறுத்தது | அதேதான் |
| ஈரம் | பிரச்சினை இல்லை | தரை ஈரம் பார்க்கணும் | வாராவாரம் சோதனை | சூட்டால் உலரும், துளை அவசியம் |
| தரை | நல்லது | கான்கிரீட், மேடை வேண்டும் | 10 செ.மீ. உயர்த்தினால் நல்லது | நல்லது |
| பழுதானால் | உடனே தெரியும் | நச்சு, புகை | மெதுவாகக் கெடும் | ஒரே இரவில் கெடும் |
| மறைந்த செலவு | வறண்ட தோல், எடை | ஷெட்டைக் காலிசெய்வது | தினசரி உழைப்பு, கூடுதல் தீனி | மின்சாரம், கண்காணிப்பு |
| யாருக்கு | எல்லா நாய்க்கும் | பழகிய நாய், உள்ளே கூண்டோடு | பழகிய இரட்டை ரோம நாய் | பழகிய நாய், மின்வெட்டுக்கு மாற்று இடம் இருந்தால் |

சிலர் ஐந்தாவதாக ஒரு வழி பிடிப்பார்கள்: வாரநாளில் வெளியே, வார இறுதியில் உள்ளே. இரண்டின் கேடும் இதில் உண்டு. ரோமம் தடிக்காது, வெளியே படுப்பதும் நிற்காது. வெளியே வாழும் நாயைக் கடும்புயல் இரவில் உள்ளே கொண்டுவருவது வேறு, அது தவறே இல்லை; சூடேற்றாத அறையில் படுக்க வைத்தால் போதும்.

## தண்ணீர்: பனியை நக்கட்டும் என்று விட்டால்

பனியைத் தின்று தாகம் தீரும் என்பது மலிவான நம்பிக்கை. ஒரு லிட்டர் நீருக்கான பனிக்கட்டியை உருக்க 80 கிலோகலோரி, அதை உடல்சூட்டுக்கு ஏற்ற இன்னும் 38. அந்த 20 கிலோ நாயின் நாள் தேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீருக்கே போய்விடும். நாய்க்குக் கிலோவுக்கு 50, 60 மி.லி. நீர் ஒரு நாளைக்கு வேண்டும்.

வெளியே இரண்டு வழி: சூடாகும் மின்கிண்ணம், அல்லது ரப்பர் கிண்ணத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வெதுவெதுப்பான நீர். மின்கிண்ணம் வசதி, அதே ஆர்சிசிபி தொல்லையோடு. ரப்பர் கிண்ணத்தைக் கவிழ்த்து மிதித்தால் ஐஸ் கழன்றுவிடும், உடையாது. எஃகுக் கிண்ணம் மட்டும் வேண்டாம். கடுங்குளிரில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

## நடைக்குப் போகும்போது: கோட்டும் காலுறையும்

மெல்லிய ரோம நாய்க்குக் கோட்டு அலங்காரமல்ல. கழுத்தடியிலிருந்து வால் அடிவரை மூட வேண்டும், வயிற்றையும் மூட வேண்டும். முதுகில் மட்டும் கிடக்கும் கோட்டு படத்துக்கு நன்றாக இருக்கும். இரண்டு கோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த கோட்டு வெறும் உடம்பைவிட மோசம். அக்குளில் உரசுகிறதா என்று பாருங்கள். தனியாக விடும்போது கழற்றிவிடுங்கள். இரட்டை ரோம நாய்க்குக் கோட்டு போட்டால் ரோமம் அமுங்கி, பிடித்துவைத்த காற்று வெளியேறும், அதற்குத் தேவையில்லை.

பாதத்துக்கு பூட்ஸா மெழுகா? நாயின் பாதத்தில் தமனியும் சிரையும் ஒட்டியே ஓடுவதால், குளிர்ந்து திரும்பும் இரத்தத்தைப் போகும் இரத்தம் சூடாக்கிவிடும். எனவே பனியில் நிற்பது மட்டும் பெரிய சிக்கல் அல்ல. சிக்கல் உப்பும் ஐஸ் உருண்டையும்தான். சாலையில் உப்பு போடும் இடத்தில் பூட்ஸ் மேல். கால்சியம் குளோரைடு நீரில் கரையும்போது சூட்டையும் வெளியிடும் என்பதால் வெடித்த பாதத்தில் எரியும். அளவெடுக்கும்போது மறுகாலைத் தூக்கிப் பிடித்து, எடை முழுதும் அந்தப் பாதத்தில் விழும்படி காகிதத்தில் வரையுங்கள். முன்கால் பொதுவாகப் பெரிது. அரைமணிக்கு ஒருமுறை கழற்றி விரலிடுக்கைப் பாருங்கள். உப்பில்லாத பனியில் பாத மெழுகு போதும். விரலிடை ரோமத்தைப் பாத மட்டத்துக்கு நறுக்கிவிட்டால் உருண்டை பிடிக்காது. எதுவானாலும் திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைத்துவிடுங்கள். நக்கினால் உப்பு வயிற்றுக்குள்.

## ஏற்பாடு தோற்றது என்று எப்படித் தெரியும்

நடுக்கம், பாதத்தை மாற்றி மாற்றித் தூக்குவது, முதுகைக் கூனி வாலை ஒடுக்குவது, நகர மறுப்பது: இவை உள்ளே கொண்டுபோ என்பதற்கான அடையாளம். நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கத்தை நிறுத்தி மந்தமானால் அது தேறிவிட்டது என்று எண்ணாதீர்கள். உடல் கைவிட ஆரம்பித்துவிட்டது.

நாயின் இயல்பான உடல்சூடு 38.3 முதல் 39.2 டிகிரி. ஆசனவாயில் வைத்துப் பார்த்து 37-க்குக் கீழே இருந்தால் உலர்த்தி, போர்த்தி, துண்டு சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை மார்புக்கும் வயிற்றுக்கும் வைக்க வேண்டும், கால்களுக்கு அல்ல. 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, 37-ஐத் தாண்டியதும் பாட்டிலை எடுத்துவிடுங்கள். 36-க்குக் கீழே இருந்தாலோ, ஏறாவிட்டாலோ, நாய் சுணங்கிக் கிடந்தாலோ, போர்த்தியபடியே மருத்துவரிடம். சாதாரண டிஜிட்டல் வெப்பமானிகள் பல 32-க்குக் கீழே எண் காட்டா. திரையில் எண்ணே வரவில்லை என்றால் கருவி கெட்டுவிட்டது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

காது நுனி, வால் நுனி, பாதம், ஆண்நாயின் விதைப்பை ஆகியவை வெளுத்து, மரத்து, கெட்டியாக இருந்தால் பனிக்கடி. தேய்க்கக்கூடாது, ஹேர் டிரையர் கூடாது. 38 முதல் 40 டிகிரி நீரில் 15, 20 நிமிடம் முக்கிவைத்து, ஒற்றித் துடைக்க வேண்டும். மறுபடி உறையும் வாய்ப்பு இருக்கும் இடத்தில், வழியில் நிற்கும்போது, இதைத் தொடங்கவே கூடாது. உருகி மீண்டும் உறைந்தால் சேதம் பலமடங்கு. சூடு திரும்பும்போது நாய்க்கு வலிக்கும், கடிக்கவும் கூடும். அதற்காக நாம் போடும் பாரசிட்டமாலையோ இபுபுரோஃபெனையோ கொடுக்காதீர்கள், இரண்டும் நாய்க்கு நஞ்சு. செத்த தோல் எது, பிழைத்த தோல் எது என்று தெரியச் சில நாள் ஆகும். அதுவரை அந்த நாய்க்கு வெளிக்கூண்டு கிடையாது. ஒருமுறை பனிக்கடி பட்ட இடம் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் உறையும் என்பதால் அடுத்த குளிர்காலத்திலும் அதை வீட்டுக்குள்தான் படுக்க வைக்க வேண்டும்.